தளபதிகளின் தீவுக்கூட்டம்

ரிச்சி தீவுக்கூட்டத்தின் பழைய வரைபடத்தை விரித்தால், 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயத் தலைவர்கள் வடக்கிலிருந்து தெற்காக வரிசையில் கிடக்கிறார்கள். அவுட்ரம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், வில்சன், நிக்கல்சன், பீல், ஹேவ்லாக், நீல், ஹியூ ரோஸ். லக்னோவில் செத்தவர், டில்லியில் செத்தவர், ஜான்சியை வீழ்த்தியவர் என்று ஆளுக்கு ஒரு தீவு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்கிற்குக் கப்பலில் போகிறவர்களில் பாதிப் பேர் குமட்டலுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்குச் சன்னலில் தெரிவது பச்சை மேடுகள் மட்டும். உண்மையில் அவர்கள் ஒரு போர் நினைவிடத்தின் ஊடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தூணோ கல்வெட்டோ எழுப்பச் செலவில்லாமல், அளவைக்காரனின் பேனாவால் மட்டுமே கட்டப்பட்ட நினைவிடம் அது.

யார் கண்ணில் பட வேண்டும் என்று அது கட்டப்பட்டது என்பதை யோசித்தால் அதன் குரூரம் விளங்கும். 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு அந்தமானில் வந்து இறங்கினார். கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைக்கவென்றே தொடங்கிய குடியிருப்பு அது. தோற்றவர்களை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டு, சுற்றியிருந்த கடலுக்கு ஜெயித்தவர்களின் பெயரை வைத்தார்கள். ஹென்றி ஹேவ்லாக் அதற்கு முன்பே, 1857 நவம்பர் 24 அன்று, லக்னோவில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்திருந்தார். லண்டனில் டிரபால்கர் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நினைவுகூர அவருக்கு ஆள் குறைவில்லை.

நீல் விஷயத்தில் சென்னைக்கும் பங்குண்டு. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையை நடத்திப்போய் அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த பழிவாங்கலை ஆங்கிலேய ஆசிரியர்களே முகம் சுளித்து எழுதியிருக்கிறார்கள். அந்த நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரி சத்தியாக்கிரகம் நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தெல்லாம் தொண்டர்கள் வந்து சுத்தியலும் கையுமாகச் சிறைக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை நகர்ந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிலைகளும் இடம்பெயரும், என்ன, பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும்.

தீவுகளின் பெயர் மாற இன்னும் எண்பது ஆண்டு பிடித்தது. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் சுவராஜ் த்வீப் ஆயிற்று, நீல் ஷஹீத் த்வீப் ஆயிற்று. ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயரே வந்தது. ஹேவ்லாக்கின் மூன்றாம் எண் சந்தையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த தமிழரிடம் ஊருக்கு இப்போது என்ன பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "டிக்கெட்ல சுவராஜ் த்வீப். நமக்கு ஹேவ்லாக்தாண்ணே," என்றார். ஹேவ்லாக் யார் என்பது அவருக்குத் தெரியாது. தளபதியைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு தீவே பெயராகக் கிடைத்தும், அந்தப் பெயருக்குள் ஆள் இல்லை. வடக்கே அவுட்ரமையும் இரண்டு லாரன்ஸ்களையும் சேர்த்து 1996இல் கடல்சார் தேசியப் பூங்கா ஒன்றை அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ராணி ஜான்சி. ராணியை வென்ற ஹியூ ரோஸ், நீல் தீவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டாக இன்னும் கிடக்கிறார். இந்த ஏற்பாட்டைச் செய்த அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, வரலாறு தெரியாதா என்று தீர்மானிக்க முடியவில்லை.

இந்தக் கடலுக்கு அண்மையில் வேறு வகை நினைவுச் சின்னம் ஒன்றும் வந்துபோனது. 1971 போரின் பொன்விழாவுக்காக டில்லி தேசியப் போர் நினைவிடத்தின் அணையாச் சுடரிலிருந்து 2020 டிசம்பர் 16 அன்று நான்கு தீப்பந்தங்களை ஏற்றி நான்கு திசைக்கும் அனுப்பினார்கள். தெற்கே வந்த வெற்றி ஜோதி சென்னையைத் தொட்டு, 2021 ஆகஸ்டில் கடல் கடந்து போர்ட் பிளேருக்கு வந்தது. பிறகு நிக்கோபாரின் இந்திரா முனை வரைக்கும் போனது. போன இடமெல்லாம் படை அணிவகுத்தது, முன்னாள் வீரர்களுக்கும் வீரர்களின் மனைவிமாருக்கும் சால்வை போர்த்தினார்கள், பள்ளிப் பிள்ளைகள் கொடி அசைத்தார்கள்.

இத்தகைய ஊர்வலங்களைப் பார்த்து உதடு பிதுக்குவது எழுதுகிறவர்களுக்கு எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. டில்லி நினைவிடத்தின் கருங்கல் பலகைகளில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மகனையோ கணவனையோ பறிகொடுத்த எல்லாரும் அங்கே போய் அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்க்க முடியாது. கல் அவர்களிடம் வராது, நெருப்பு வரும். உற்சவ மூர்த்தி தெருவுக்கு வருவது கோயிலுக்குள் வர இயலாதவர்களுக்காகவும்தான். போர் நினைவுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதில் பிழை காண எனக்குக் காரணம் இல்லை. வந்த நெருப்பு எதை வெளிச்சம் போட்டது, எதைத் தாண்டிப் போனது என்பதே என் கேள்வி.

ஏனென்றால் ஹேவ்லாக்கின் கரையில் ஒரு போர் முடிந்த கதை இருக்கிறது. அணிவகுப்பில் அதற்கு இடமில்லை.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. மூன்றரை ஆண்டு தீவுகள் அவர்கள் கையில் இருந்தன. நேச நாடுகளின் நீர்மூழ்கிகளும் விமானங்களும் சரக்குக் கப்பல்களை மறித்தன. அரிசி வருவது நின்றது. 1945 ஆகஸ்டில் பஞ்சம் முற்றியபோது, போர்ட் பிளேரின் அபர்தீன் பகுதியிலிருந்து மக்களைத் திரட்டினார்கள். ஆள் இல்லாத தீவில் பயிர் வைக்கலாம், நிலம் தருகிறோம் என்று சொன்னார்கள். படித்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏற்றினார்கள். ஹேவ்லாக்கிற்கு அருகே, இருட்டில், கரை எட்டாத தொலைவில் கடலில் இறங்கச் சொன்னார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள். பாதிப் பேர் கடலோடு போனார்கள் என்கிறது ஒரு பதிவு. கரையேறியவர்களுக்கு உணவோ கருவியோ கூரையோ இல்லை. பிரிட்டிஷ் மீட்புக் குழு ஆறு வாரம் கழித்து வந்தபோது கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைக் கண்டது. உயிரோடு ஒரே ஒருவர் இருந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. மொத்தம் எத்தனை பேரை ஏற்றினார்கள் என்பதில் 250 என்பதிலிருந்து 700 வரை கணக்குகள் சிதறிக் கிடக்கின்றன.

தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா. ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பேரரசர் வானொலியில் பேசினார். போர்ட் பிளேரின் ஜிம்கானா மைதானத்தில் சரணடையும் சடங்கு அக்டோபரில்தான் நடந்தது. இடைப்பட்ட நாட்களில் இந்தக் கரையில் கிடந்தவர்களுக்குப் போர் முடிந்துவிட்டது என்று சொல்ல யாரும் இல்லை. உலகம் முழுக்கத் தெருவில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தபோது அவர்கள் இங்கே கிழங்கு தோண்டியும் சிப்பி பொறுக்கியும் இருந்திருக்க வேண்டும். முடிந்துபோன போரில் செத்தவர்கள் அவர்கள்.

படகுத்துறையிலிருந்து ராதாநகருக்குப் போகும் வழியிலும் காலாபத்தர் கரையோரத்திலும் நடந்தபோது இதைச் சொல்லும் கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டவை ஸ்கூபா பயிற்சிக்கான விளம்பரங்கள். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல வழியில்லை. 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து துரத்தப்பட்டு வந்த வங்காள அகதிகள் காடு வெட்டி உண்டாக்கிய ஊர்கள் இவை. கோவிந்தநகர், விஜயநகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர் என்று தங்கள் கடவுளரைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். கடற்கரைகளுக்கு எண் போதும் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் நெஞ்சில் சொந்தச் சாவுகளே போதுமான அளவு இருந்தன. இளநீர்க்காரரிடம் 1945ஐப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் போர்ட் பிளேர்காரங்களைக் கேக்கணும்ணே. இங்க எல்லாரும் பின்னாடி வந்தவங்க," என்றார். சரியான பதில்.

இந்தச் சாவுகள் பேசப்படாமல் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைத் தொடுவதற்கு நமக்குக் கொஞ்சம் கூசும். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு சுவராஜ் என்றும் பெயர் வைத்தது அவரே. இன்று நீலும் ஹேவ்லாக்கும் சுமக்கும் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. செல்லுலார் சிறையை ஜப்பானியர் அவருக்குச் சுற்றிக் காட்டினார்கள். அந்த நாட்களில் அதே சிறையில் டாக்டர் திவான் சிங் என்ற பஞ்சாபிக் கவிஞர் ஒற்றர் என்ற பொய்க் குற்றச்சாட்டில் வதைக்கப்பட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைப் பள்ளத்தருகே நிறுத்திச் சுட்டார்கள். செத்தவர்களில் பலர் நேதாஜியின் இந்திய சுதந்திர லீக்கையே சேர்ந்தவர்கள். கொடி ஏறி ஒரு மாதம் முழுதாக ஆகியிருந்தது.

அடுத்த மாதம் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் தலைமை ஆணையராக வந்தவர் ஒரு தமிழர், ஆர்க்காடு துரைசாமி லோகநாதன். மருத்துவர், ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவர். காகிதத்தில் தீவுகள் அவர் ஆட்சி. நடைமுறையில் கல்வித்துறை தவிர எதையும் ஜப்பானியர் அவர் கையில் தரவில்லை. காவல்துறையை விடவே இல்லை. சில மாதங்களில் உடல்நலம் கெட்டு, மனமும் கசந்து திரும்பிப் போனார். அவருடைய நிலையை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட இரக்கமே வருகிறது. தன் அரசின் கொடி பறக்கும் ஊரில் தன் மக்களைக் காக்க அதிகாரம் இல்லாத ஒரு வைத்தியர். அவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நாவல் வந்திருக்க வேண்டும்.

நேதாஜியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். ஆனால் ஒரே தரையில் ஒரு கொடியேற்றமும் ஒரு படுகொலையும் அடுத்தடுத்து நிற்கும்போது விழா எடுக்கிறவர்கள் கொடியை எடுத்துக்கொள்வார்கள். ஹம்ப்ரிகஞ்சில் இறந்தவர்களுக்காவது நினைவிடம் எழும்பியது. எண் துல்லியமாக இருந்தது, ஆட்கள் யாரென்று தெரிந்திருந்தது, உறவினர்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஹேவ்லாக்கில் குடும்பமே மொத்தமாகக் கப்பலேறியது. யார் போய்க் கல் கேட்பது?

போர் வீரனின் பெயர் நிலைப்பதற்கு அவனுடைய வீரம் மட்டும் காரணம் இல்லை. அவன் சம்பளப் பட்டியலில் இருந்தான். படைக்குப் பேரேடு உண்டு. பேரேட்டிலிருந்து கல்லுக்குப் பெயரை மாற்றுவது எழுத்தர் வேலை. ரங்கூனுக்கு வெளியே தாவுக்யான் நினைவிடத்தில், சடலம்கூடக் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களும் அதில் இருக்கிறார்கள். அதே போரில், சயாம் மரண ரயில்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பசியிலும் விழுந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல், புல்வெளி, பூச்செடி. தோட்டத் தமிழனுக்குக் கங்காணியின் செக்ரோல் என்ற ஆள்கணக்கு ஏடு மட்டும் இருந்தது. அதை யார் பாதுகாத்தார்கள்?

அந்தமானில் பெயர் சூட்டு விழா இன்னும் முடியவில்லை. 2023 ஜனவரி 23 அன்று, அதுவரை எண்ணால் மட்டும் குறிக்கப்பட்ட இருபத்தொரு தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்ற இருபத்தொருவரின் பெயர்களைச் சூட்டினார்கள். பெரிய தீவு மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. அந்த வரிசையில் ஒரு பெயரைக் கண்டதும் தமிழ் வாசகனுக்கு மூச்சு ஒரு கணம் தடுமாறும். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர், சென்னையில் பயிற்சி பெற்று அதிகாரியானவர், 8ஆவது மகார் படைப்பிரிவு. 1987 நவம்பர் 25 இரவு யாழ்ப்பாணத்தில் கந்தரோடைக்கு அருகே பதுங்கித் தாக்கியவர்களை எதிர்கொண்டபோது நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டுவிட்டு, உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. இந்திய அமைதிப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடலுக்கு அவர் பெயர்.

அவர் சுட்டவரும் தமிழர், அவரைச் சுட்டவரும் தமிழர். இரண்டு நாள் தள்ளி, நவம்பர் 27, மறுதரப்பு தன் மாவீரர்களை நினைக்கும் நாளாக 1989இலிருந்து ஆயிற்று. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். அமைதிப்படையின் கையால் இறந்த யாழ்ப்பாணத்தாரை நினைத்தவர்களால் வரவேற்க முடியவில்லை. இறந்த வீரர்களின் வீட்டாரால் அதை மன்னிக்க முடியவில்லை. இரண்டும் எனக்குப் புரிகிறது, இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை எடுக்க எனக்குத் தெரியவில்லை. இன்று பலாலியில் இந்திய வீரர்களுக்கு நினைவுத் தூண் பராமரிக்கப்படுகிறது. கோப்பாயில் மறுதரப்பு மாவீரர்களின் துயிலும் இல்லத்துக் கல்லறைகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு இலங்கை ராணுவம் அந்த இடத்தில் முகாம் கட்டியது. தாய்மார்கள் வெளியே சாலையோரத்தில் விளக்கேற்றுகிறார்கள்.

பரமேஸ்வரனின் பெயர் அந்தமானில் ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் போனதில் ஒருவகை வசதி இருக்கிறது. அங்கே எதிர்த்துக் கேட்க யாழ்ப்பாணத்தார் இல்லை, வெட்கப்படச் சென்னைக்காரர் இல்லை. வெறும் தீவில் எந்தப் பெயரும் சண்டையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலேய அளவைக்காரனும் இதைத் தெரிந்தே வைத்திருந்தான். ஒரு மனிதனுக்குத் தீவைக் கொடுப்பது பெரிய மரியாதை என்பதை மறுக்கவில்லை. அவர் செத்த மண்ணில் வைத்து அவரை நினைப்பது கடினமான காரியம். கந்தரோடையில் அதைச் செய்கிற நாள் வந்தால், அதே கையால் அங்கே இறந்த ஊர்க்காரர்களின் பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.

தமிழில் நடுகல்லுக்கு இலக்கணமே உண்டு. கல்லைத் தேர்வது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. நடும்வரை அது பயணம் செய்யும் கல். நம் இலக்கியத்தில் மிக நீண்ட தூரம் பயணித்த கல் இமயத்தில் எடுத்து, கங்கையில் நீராட்டி, கனகவிசயர் தலையில் ஏற்றிச் சேரநாட்டுக்கு வந்தது. அது எந்தத் தளபதிக்கும் எடுத்த கல் இல்லை. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு எடுத்தது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு என்னும் மாட்டு மந்தையை மீட்கச் செத்த வீரனோடு, கள்வரை எதிர்த்து நின்ற அவன் நாயையும் செதுக்கி, நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தை யாரும் முற்றாக மறந்துவிடவில்லை. காஞ்சனபுரியில், ரயில்பாதைத் தொழிலாளரின் எலும்புகளைப் புதைத்த புத்த விகாரையின் வளாகத்தில், அண்மையில் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பதாண்டு தாமதம்தான். மலேசியாவில் வாழும் பேரப்பிள்ளைகள் கேட்டுக் கேட்டு நடந்தது அது.

ஹேவ்லாக்கில் அப்படி ஒன்றை நடுவதற்குப் படைத்துறையின் அனுமதியோ பெரிய நிதியோ வேண்டாம். கரையில் இடம் இருக்கிறது, கல் கப்பலில் வரும். வேண்டியது பெயர்கள். கிடைத்தவரை எழுதிவிட்டு மீதிப் பலகையை வெறுமையாக விடலாம். பின்னால் ஒரு பெயர் கிடைத்தால் சேர்க்க இடம் வேண்டுமே. 1945 ஆகஸ்டில் அபர்தீனில் பக்கத்து வீடு காலியானதைப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தை இன்று எண்பது வயதைத் தாண்டியிருக்கும். போர்ட் பிளேரில் தமிழ், வங்காளி, இந்தி, உருது, தெலுங்கு என்று பல வீடுகளில் அப்படிப்பட்டவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஒரு கோடை விடுமுறையில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், யார் வீட்டிலிருந்து யார் கப்பலேறினார்கள் என்று கேட்டு எழுதலாம். அடுத்த பொன்விழாவுக்குக் காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.